காருகுறிச்சியார் விட்டுக்கொடுத்த இடம்

விளாத்திகுளம் வட்டாரத்தில் கல்யாண வீடானாலும் அம்மன் கொடையானாலும், மேளக்காரர் பந்தலில் உட்கார்ந்து சீவாளியை நாவில் நனைத்து ஊதிப் பார்த்த மாத்திரத்தில், கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் கேட்டுவிடும் பாட்டு ‘சிங்கார வேலனே தேவா’. 1962-ஆம் வருஷம் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்திற்காகக் கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதி, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்து, எஸ். ஜானகியின் சாரீரமும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் கூடிப் பிறந்த அந்தப் பாட்டை, குரலுக்கும் வாத்தியத்துக்கும் நடந்த பந்தயம் என்றும், அதில் இன்னார்தான் ஜெயித்தார் என்றும் வாதாடுகிற ரஸிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

நாகஸ்வரம் திறந்த வெளிக்காக ஏற்பட்ட வாத்தியம். தேர் வரும் வீதியில் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றே ஆச்சாமரத்தில் கடைந்து, அடியில் அகன்ற அணசு மாட்டிய குழல் அது. குழலின் நீளத்தோடு அதன் சுருதியும் நிர்ணயமாகிவிடுவதால், கூடப் பாடுகிற குரல்தான் அதற்கு இணங்கிப்போக வேண்டும். முதலில் அணுகப்பட்ட பி. லீலா, இந்தப் பாட்டுக்கு ஜானகியே தகுந்தவர் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வதுண்டு. 1957-இல்தான் திரைக்குப் பாட வந்திருந்த ஜானகி, துரித காலத்து ஸ்வரங்களில் ஒன்றேனும் மழுங்காமல் பாடிய சாமர்த்தியத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அந்தக் குரலை ஒரே மூச்சில் மூழ்கடித்துவிடக்கூடிய குழலைக் கையில் வைத்துக்கொண்டு காருகுறிச்சியார் அப்படிச் செய்யாதிருந்தாரே, அந்த வித்தையைப் பற்றிப் பேசுவார் குறைவு. நாகஸ்வரத்தை ஓங்கி ஊதுவதைவிடத் தணித்து ஊதுவது கடினம். உதடு இம்மி தளர்ந்தாலும் ஸ்வரம் நழுவும். காருகுறிச்சியாரோ குரல் முடிகிற இடத்தில் அதன் சாயலையே வாங்கிக்கொண்டு தொடர்கிறார். கமகத்தின் அசைவு வாத்தியத்தின் அசைவாக இல்லாமல் கண்டத்தின் அசைவாகவே கேட்கிறது.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? குருநாதர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடமிருந்து வந்தது என்பது யாவரும் அறிந்த விடை. ஆலாபனையை நாகஸ்வரத்தின் பிராணனாக்கியவர் அவர். ஆயினும், கோவில்பட்டியில் குடியேறி, 1964-இல் நாற்பத்து மூன்றாவது வயதில் காலமான காருகுறிச்சியாரைச் சுற்றியிருந்த கரிசல் பூமியின் சங்கீதக் காற்றையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விஸ்தரிப்பதில் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகளும், அவரிடம் நெருங்கிப் பழகிய எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும், கு. அழகிரிசாமியும் நடமாடிய பூமி இது. சுவாமிகளுக்கு உகந்த ராகம் கரகரப்பிரியா. இந்தப் பாட்டின் ராகமான ஆபேரியோ, இன்றைய வழக்கில் அதன் ஜன்யம். ரிஷபமும் தைவதமும் நீங்கி ஐந்து ஸ்வரங்களில் ஏறி, ஏழு ஸ்வரங்களில் இறங்குவது.

ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக்காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கும் ஆதாரம் பெரும்பாலும் அதே ஐந்து ஸ்வரங்கள்தாம். அந்த ப்ளூஸில் ஊறி 1969-இல் தோன்றிய ஆல்மன் சகோதரர்கள் குழுவின் இரண்டு கிட்டார்களும், நம் மேளத்தில் இரண்டு நாகஸ்வரங்கள் போல, ஒன்றையொன்று தழுவி நெடுநேரம் சஞ்சரிப்பதைக் கேட்டால், தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்கிற அவர்களுடைய முறை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அவர்கள் மேடையில் அரைமணி வரை எடுத்துக்கொண்ட சாவகாசம் காருகுறிச்சியாருக்குத் திரைப்படத்தில் கிடைக்கவில்லை. இராப்பொழுது முழுவதும் வாசித்துப் பழகியவர் சில நிமிஷங்களுக்குள் ராகத்தின் சொரூபத்தைக் காட்ட வேண்டியிருந்தது, காட்டினார், எங்கும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. காந்தாரத்திலும் நிஷாதத்திலும் அவர் நிற்கிற நிலை, பின்னால் வரும் ஸ்வரக் கோவைகளுக்கெல்லாம் பூமியாக அமைகிறது.

எங்கள் பக்கத்துக் கொடைகளில் இப்போது இதை வாசிக்கிற இளம் வித்துவான்கள் பலர், கைதட்டல் கிடைக்கிற அந்த ஸ்வரக் கோவைகளை இன்னும் வேகப்படுத்தி வாசிக்கிறார்கள். விரல் சுத்தத்தில் குறையில்லை. முன்னே வருகிற ஆலாபனையைத்தான் நாலு பிடியில் முடித்துவிடுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.