சிவப்புச் சத்திரத்தில் ஒரு பாவசங்கீர்த்தனம்

1951ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தைப் பற்றிக் கத்தோலிக்க இதழொன்றில் எழுதுவது தகுமா என்னும் ஐயம் வாசகர் சிலருக்கு எழக்கூடும். படத்தின் பெயர் 'லோபெர்ஜ் ரூஜ்'. சிவப்புச் சத்திரம் என்பது பொருள். இயக்கியவர் க்ளோத் ஓத்தான்-லாரா. திரைக்கதை எழுதிய ஜான் ஓராஞ்ஷ், பியேர் போஸ்ட் ஆகியோருடன் சேர்ந்து திருச்சபையை எள்ளி நகையாடுவதில் பேர்பெற்றவர் அவர். கொலையும் பிணமும் நிறைந்த கதையை நகைச்சுவையாக்கி, அதன் நடுவே ஒரு துறவியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறது படம். ஆயினும் எள்ளலுக்கென்று எடுக்கப்பட்ட இப்படம் எதன்மீது கால் ஊன்றி நிற்கிறது என்று பார்க்கும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது.

கதையின் வேர் உண்மை நிகழ்ச்சி ஒன்றில் உள்ளது. தென் பிரான்சில் ஆர்தெஷ் மலைப் பகுதியில், கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கும் மேலான பீடபூமியில், பெய்ர்பெய் என்னும் இடத்தில் ஒரு சத்திரம் இருந்தது. அதை நடத்திய பியேர் மார்த்தேன், அவர் மனைவி மரீ, வேலையாள் ஜான் ரொஷேத் ஆகிய மூவரும் 1833 அக்டோபர் 2ஆம் நாள் அந்தச் சத்திரத்தின் முன்பாகவே கில்லட்டினுக்குப் பலியாயினர். வழிப்போக்கர் பலரைக் கொன்று பொருள் பறித்தனர் என்பது ஊரார் கூற்று. கொல்லப்பட்டோர் ஐம்பதுக்கும் மேல் என்று கதை வளர்ந்தது. ஆனால் நீதிமன்றம் அவர்கள்மேல் சுமத்தித் தீர்த்த கொலை ஒரு முதிய கால்நடை வியாபாரியுடையது மட்டுமே. வதந்தி எவ்வளவு, உண்மை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமனப்படவில்லை.

திரைக்கதையாசிரியர்கள் வதந்தியையே எடுத்துக்கொண்டனர். அதனோடு தங்கள் சரக்காக ஒரு பாவசங்கீர்த்தனத்தையும் சேர்த்தனர். பனி கொட்டும் இரவு. குதிரை வண்டியில் வந்த பயணிகள் சத்திரத்தில் தங்குகிறார்கள். ஒரு துறவியும் அவருடைய இளஞ்சீடனும் கால்நடையாய் வந்து சேர்கிறார்கள். சத்திரக்காரி மரீ பக்தி உள்ளவள். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் சுமையை இறக்கிவைக்க ஒரு குருவானவர் அகப்பட்டாரே என்று மகிழ்ந்து, அவர்முன் முழந்தாளிடுகிறாள். அன்றாடப் பாவங்கள் சிலவற்றை எதிர்பார்த்துக் காது கொடுத்த துறவியின் செவியில் விழுவது கொலைகளின் கணக்கு. அன்றிரவு தங்கியிருப்போரும் அக்கணக்கில் சேரவிருக்கிறார்கள் என்பதும் அவருக்கு விளங்கிவிடுகிறது.

துறவியாக நடித்தவர் பெர்னாந்தெல். பிரெஞ்சு மக்கள் அனைவரும் அறிந்த அந்த நீண்ட முகமும் பெரிய பற்களும் இக்காட்சியில் செய்யும் வேலையைச் சொல்லில் அடக்க முடியாது. கடமையாய்த் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்த முகம் மெல்ல மெல்ல இறுகி, விழிகள் நிலைகுத்தி, வாய் திறந்தபடி நின்றுவிடுகிறது. நாம் சிரிக்கிறோம். சிரித்த மறுகணமே, இம்மனிதர் இனி என்ன செய்வார் என்னும் கலக்கம் நம்மைப் பற்றிக்கொள்கிறது. மரீயாக வரும் பிரான்சுவாஸ் ரோசே இக்காட்சியில் சற்றேனும் மிகைப்படுத்தாமல், சமையல் செலவைச் சொல்வதுபோல் கொலைகளைச் சொல்கிறார். அச்சத்திற்குப் பாதிக் காரணம் அந்த அமைதிதான்.

படத்தின் கவர்ச்சி முழுவதும் இதில் அடங்கியுள்ளது. துறவி வாய் திறந்து ஒரு சொல் சொன்னால் பயணிகள் பிழைப்பார்கள். கதையும் அங்கேயே முடிந்துவிடும். அவர் சொல்லமாட்டார். 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பாவசங்கீர்த்தன இரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுதும் மடத்தில் அடைத்துத் தவம் செய்விக்கும்படி கட்டளையிட்டது. அந்த முத்திரையை எந்தக் காரணத்திற்காகவும் உடைக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் பிரிவும் கூறுகிறது. இயக்குநர் இதை நம்பவில்லை. ஆனால் தம் துறவி நம்புவதாகவே காட்டுகிறார். துறவி ஒரு நொடி தடுமாறி உண்மையைச் சொல்லிவிட்டால் அச்சமும் போயிற்று, சிரிப்பும் போயிற்று. திருச்சபையைக் கேலி செய்ய வந்தவர்களுக்கு அதன் மிகக் கடினமான சட்டமொன்றே கதையின் நடுத்தூணாய் வாய்த்தது. வேறொரு சமயத்துப் பூசாரியையோ, வழக்கறிஞரையோ அவ்விடத்தில் வைத்து இப்படத்தை எடுத்திருக்க இயலாது.

சட்டம் அறிந்தோர் இங்கே ஒரு கேள்வி கேட்பர். துறவி வாயால் சொல்லவில்லை. ஆனால் பயணிகளைத் தூங்கவிடாமல் தடுக்கிறார். சாடையாய் எச்சரிக்கப் பார்க்கிறார். தம் சீடனுக்கும் சத்திரக்காரர் மகள் மத்தில்துக்கும் திருமணம் செய்துவைக்க முனைந்து, அச்சடங்கை நீட்டிப் பொழுது போக்குகிறார். இது அடுக்குமா? பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததைப் பாவிக்குக் கேடாகப் பயன்படுத்தலாகாது என்று 1682லேயே உரோமை தீர்ப்புக் கூறியிருந்தது; இன்றைய சட்டத்தின் 984ஆம் பிரிவும் அதுவே. மரீயிடம் மனஸ்தாபம் இருந்ததா, இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினை இருந்ததா என்பது வேறு கேள்வி. இல்லையென்றால் பாவப் பொறுத்தலுக்கு இடமில்லை. ஆயினும் இரகசியம் இரகசியமே. கொலையைத் தடுப்பது கொலைகாரிக்குக் கேடா நன்மையா என்று வாதிடலாம். ஒரு பாவத்தினின்று அவளைக் காப்பதுதானே அது என்று நாம் சொல்லத் துணிவோம். ஆனால் அவர் காட்டும் சாடைகளுள் சில, அவளைக் காட்டிக்கொடுக்கும் எல்லைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கின்றன. நகைச்சுவை பிறப்பது அந்த விரற்கடையில்தான். குருக்கள் பார்த்தால் நம்மைவிட மிகுதியாகச் சிரிப்பார்கள், மிகுதியாக நடுங்கவும் செய்வார்கள்.

இதே முடிச்சை 1953இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'ஐ கன்ஃபெஸ்' என்னும் படத்தில் கையாண்டார். அதுவும் 1902இல் வந்த பிரெஞ்சு நாடகம் ஒன்றிலிருந்து எடுத்ததே. அங்கே கொலைப் பழி குருவானவர் மேலேயே விழுகிறது. அவர் அசையாமல் சுமக்கிறார். அவரை நாம் வணங்குகிறோம். சிவப்புச் சத்திரத்துத் துறவியோ பயந்தாங்கொள்ளி. பிறரை எடுத்தெறிந்து பேசுபவர். அவரை வணங்க நமக்குத் தோன்றவில்லை. இத்தகைய பலவீனமான மனிதரும் அந்த இரகசியத்தைக் காக்கிறாரே என்பதே நம்மைத் தொடுகிறது. கேலி செய்யவே அவரைப் பலவீனராய்ப் படைத்தனர்; அதனாலேயே அவர் நமக்கு அண்மையராகிறார்.

குறைகளும் உள. சத்திரத்து வேலையாளைக் கறுப்பின மனிதராக்கி, அவருக்கு 'ஃபெத்திஷ்' என்று பெயரிட்டு, வாய் பேசா அச்சுறுத்தும் உருவமாய் நடமாடவிட்டது அருவருப்பானது. வேலையாள் கறுப்பினத்தவர் என்பதற்கு உண்மை நிகழ்ச்சியில் ஆதாரமில்லை. பயணிகளுள் ஒருவரையாவது நேசிக்கத்தக்க மனிதராய்க் காட்ட இயக்குநருக்கு மனம் வரவில்லை. பனிப் பொம்மைக்குள் ஒளித்த பிணம் வெளிப்பட்டு, சத்திரக்காரர் பிடிபட்டு, எல்லாரும் தப்பினர் என்று நாம் மூச்சு விடும் வேளையில், பயணிகளின் வண்டி பழுதாக்கப்பட்ட பாலத்தோடு பள்ளத்தில் விழுந்து நொறுங்குகிறது. துறவியின் பாடெல்லாம் வீண் என்று சொல்வதற்கே வைத்த முடிவு இது. அதுவரை பாத்திரங்களோடு சேர்ந்து பயந்த படம், இங்கே அவர்களைப் பூச்சிகளைப்போல் நசுக்குகிறது. இந்த ஒரு சிரிப்பில் நம்மால் பங்கு கொள்ள இயலவில்லை.

அதே 1951இல் பிரான்சில் ரொபேர் பிரெஸ்ஸோன், ஜார்ஜ் பெர்னானோஸின் 'ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' நாவலைத் திரைக்குக் கொணர்ந்தார். அந்நாவலுக்கு முன்னர் ஓராஞ்ஷ் எழுதிய திரைக்கதையைப் பெர்னானோஸ் ஏற்க மறுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இக்கூட்டணியின் சமய நிந்தனையை 1954இல் இளைஞரான பிரான்சுவா திரூஃபோ காய்ந்து எழுதினார். அவர் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் நிந்தனை செய்யப் புகுந்தவர் கையில் நிந்தனை முழுமையாய் வாய்க்காமல் போவதும் கலையில் நடப்பதே.

2007இல் ஜெரார் க்ராவ்சிக் இதே கதையை வண்ணத்தில் மீண்டும் எடுத்தார். ஓசை மிகுந்தது, பயம் குறைந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படமே போதும். சிறுவர்க்கு உகந்ததன்று. பெர்னாந்தெல் 1952இல் தோன் கமில்லோ என்னும் குருவானவராகவும் நடித்து உலகப் புகழ் பெற்றார். இரண்டையும் காணும் வாய்ப்புள்ளோர் சிவப்புச் சத்திரத்தை முதலில் பார்ப்பது நலம்; பின்னதில் அவர் பாடுபட்ட சுரூபத்தின்முன் நின்று ஆண்டவரோடு பேசும்போது, அதே முகம் பனியிரவில் வாய் மூடி நின்றது நினைவுக்கு வரும்.