கடனைக் கடனால் பெருக்கினால்...

மைனஸ் இன்டு மைனஸ் ப்ளஸ். ஸ்கூலில் படித்த பாதி விஷயம் மறந்துபோனாலும் இந்த மந்திரம் மட்டும் யாருக்கும் மறப்பதில்லை. ஏன் அப்படி என்று கேட்டுப் பாருங்கள். 'அது அப்படித்தான் சார்' என்பார்கள். கொஞ்சம் சமர்த்தானவர்கள், 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்று ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். அரசியலுக்குப் பொருந்தலாம். கணக்குக்கு?

இந்த 'அது அப்படித்தான்' மீது வைக்கப்பட்ட புகார்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு நாவலாசிரியருடையது. 'சிவப்பும் கறுப்பும்' எழுதிய பிரெஞ்சுக்காரர் ஸ்தெந்தால். கணக்கில் பாசாங்குக்கு இடமில்லை என்பதாலேயே அதை நேசித்தவர். 1790களின் கடைசியில் க்ரெனோபிள் நகரப் பள்ளியில் இந்த மைனஸ் விதியைக் கேட்டு மிரண்டுபோனார். வாத்தியார்களிடம் போய்க் கேட்டார். ஒழுங்கான பதில் வரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டி, 1835-36ல் எழுதிய சுயசரிதையிலும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவர் கேட்டது இதுதான்: மைனஸ் என்றால் கடன் என்கிறீர்கள். பத்தாயிரம் ஃப்ராங்க் கடனை ஐந்நூறு ஃப்ராங்க் கடனால் பெருக்கினால் ஒருத்தன் ஐம்பது லட்சத்துக்கு அதிபதி ஆகிவிடுவானா?

நியாயமான கேள்வி. ஆனால் பி.காம். படித்த எவனுக்கும் இதிலுள்ள ஓட்டை கண்ணில் படும். கடனை விடுங்கள், ரொக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் நூறு ரூபாயை ஐம்பது ரூபாயால் பெருக்க முடியுமா? ரூபாயை ரூபாயால் பெருக்கினால் வருவதற்கு உலகத்தில் எந்த நோட்டும் கிடையாது. பெருக்கலில் ஒன்று பணம் என்றால், இன்னொன்று 'எத்தனை தடவை' என்கிற எண்ணிக்கையாக இருக்க வேண்டும். ஸ்தெந்தாலின் கேள்வி தப்பில்லை. உதாரணம்தான் தப்பு. அந்த உதாரணத்தைக் கொடுத்த வகுப்பறையும்தான்.

கடன் உதாரணம் இன்று நேற்று வந்ததில்லை. 628ல் பிரம்மகுப்தர் 'தனம்', 'ருணம்' என்று சொத்தையும் கடனையும் வைத்தே விதிகளை எழுதிவிட்டார். இரண்டு கடன்களின் பெருக்கல் சொத்து என்பதும் அதில் உண்டு. விதி இருக்கிறது, காரணம் இல்லை. இங்கிலாந்தில் ஃப்ரான்சிஸ் மஸேர் என்ற வக்கீல், குழப்பமே வேண்டாம், இந்த எண்களை அல்ஜீப்ராவிலிருந்து துரத்துங்கள் என்று 1758ல் ஒரு புத்தகமே போட்டார். மாமேதை ஆய்லர் மட்டும் என்ன செய்தார்? 1770ல் ஜெர்மனில் வந்த தன் அல்ஜீப்ரா நூலில், ப்ளஸ் இன்டு மைனஸ் மைனஸ் என்று ஏற்கெனவே ஆகிவிட்டது, மைனஸ் இன்டு மைனஸுக்கும் அதே விடை வர முடியாது, ஆகவே ப்ளஸ்தான் என்கிறார். ஒரு ஸீட் காலி, ஒரு ஆள் நிற்கிறான், உட்கார வைத்துவிட்டார்! ஆய்லர் சொன்னாலும் இது விளக்கம் ஆகாது.

சரி, எது விளக்கம்? மாசம் 500 ரூபாய் தவணை கட்டுகிறீர்கள். ஒரு தவணை என்றால் உங்களுக்கு −500. நாலு தவணை சேர்ந்தால் 4 × −500, அதாவது −2000. இப்போது நாலு தவணை தள்ளுபடி என்று அறிவிப்பு வருகிறது. தவணை நாலு குறைகிறது: −4 × −500. உங்கள் நிலைமை 2000 ரூபாய் தேறிவிட்டது. ப்ளஸ்! தேர்தல் நேரத்தில் படிக்காத விவசாயிக்கும் புரிகிற கணக்கு இது.

இது புரிய வைக்கும்; நிரூபிக்காது. நிரூபணமும் இரண்டே வரிதான். 3-ஐயும் −3-ஐயும் கூட்டினால் பூஜ்யம். பூஜ்யத்தை −4 ஆல் பெருக்கினாலும் பூஜ்யம். அதையே பிரித்துப் பெருக்குங்கள். −4 × 3 என்பது −12. அதோடு −4 × −3-ஐக் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும். அப்படியானால் அது +12 ஆகத்தான் இருக்க முடியும். பிரித்துப் பெருக்கும் பழைய வழக்கம் புது எண்களுக்கும் செல்லுபடியாக வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதால் வருகிற விளைவு. வேறு மாயம் இல்லை.

மந்திரத்தின் மேல் எனக்குள்ள பெரிய புகார் வேறு. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்வதில்லை. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும் உரியதைப் பிள்ளைகள் கூட்டலுக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். −3 −2 என்று பார்த்ததும், இரண்டு மைனஸ், ஆகவே +5 என்று எழுதிவிட்டு மார்க்கைப் பறிகொடுக்கிறார்கள். மூணு ரூபாய் கடன்காரன் மேலும் ரெண்டு ரூபாய் வாங்கினால் அஞ்சு ரூபாய் கடன் என்று தெருக்கோடி மளிகைக்கடை அக்கவுன்ட் நோட்டுக்கே தெரியும். ஒரே சின்னக் கோடு 'கழி' என்ற கட்டளையாகவும் 'கடன்' என்ற அடையாளமாகவும் இரட்டை வேஷம் போடுவதை யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்களா? கணக்குப்பிள்ளைகள் உஷார். பற்று, வரவு என்று தனித்தனிப் பத்தி போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை 'ஏன்ப்பா?' என்று கேட்டால், தயவுசெய்து எதிரிக்கு எதிரி கதையை எடுக்காதீர்கள். ஒரு பேப்பரை எடுத்து, நாலு தவணை தள்ளுபடியை எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிஷம் ஆகும். ஸ்தெந்தாலுக்கு அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்க ஆளில்லை.