பரமார்த்த குருவும் வளர்ந்த வாசகரும்

ஐம்பது அகவை கடந்த ஒருவர் கையில் சிறுவர் கதைநூல் இருக்கக் கண்டால், பேரப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிறார் என்றே பிறர் எண்ணுவர். கேட்டால் அவரும் அவ்வாறே விடையிறுப்பார். தமக்காகப் படிப்பதாகச் சொல்ல நாணம் தடுக்கும். பிள்ளைத்தமிழ் பாடிய இனத்திற்கு இந்நாணம் ஏன் எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா பொருந்தாது. பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து இருப்பினும், அங்கே குழந்தை பாட்டுடைத் தலைமை மட்டுமே. கேட்போர் புலவரும் அன்பருமே. குழந்தையைப் பாடுதல் வேறு. குழந்தை படிக்கும் நூலைத் தாமும் படித்தல் வேறு.

சிறுவர் நூல் என்பது ஏணியின் கீழ்ப்படி. மேலேறியவர் அதனை மீண்டும் மிதிக்க வேண்டுவதில்லை என்னும் எண்ணமே இந்நாணத்திற்கு வித்து. அரிச்சுவடிக்கு இஃது ஒக்கும். கதைக்கு ஒக்குமா? தமிழிலேயே இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய பரமார்த்த குரு கதையை இன்று சிறுவர் நூல் வரிசையிலேயே காண்கிறோம். ஆனால் அந்நூல் சிறுவர்க்கென எழுந்ததன்று. தமிழ் கற்க வந்த அயல்நாட்டுப் பாதிரிமார்க்கு மக்கள் பேசும் தமிழை எளிதில் பயிற்றவே அவர் அதனை எழுதினார். இலத்தீனிலும் தாமே பெயர்த்தார். 1822இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டதும் தமிழ் பயிலும் ஆங்கிலேயரைக் கருதியே. மீசை முளைத்த மாணாக்கர்க்கு எழுதிய நூல், பின்னரே பால்மணம் மாறாப் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் குருவும் ஆற்றைக் கடக்க அஞ்சிய கதையை அறியாதார் இலர். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். அது சுரீர் என்று புகைய, ஆறு விழித்துச் சீறியது என ஓட்டம் பிடிக்கின்றனர். பின்னர் ஒருவாறு கடந்து கரையேறி எண்ணிப் பார்க்கையில், எண்ணுபவன் தன்னை விட்டு எண்ணுவதால் ஐவரே தேறுகின்றனர். ஒருவனை ஆறு விழுங்கிற்று எனக் கதறுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் காசு பேசிக்கொண்டு, முதுகில் ஆளுக்கோர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிய பிறகே அறுவரும் கிடைக்கின்றனர்.

சிறுவன் இங்கே வாய்விட்டுச் சிரிப்பான். தான் கணக்கில் கெட்டிக்காரன் என்னும் பெருமையும் அச்சிரிப்பில் உண்டு. வளர்ந்தவர் சிரிப்போ பாதியில் நின்றுவிடும். சங்கக் கூட்டங்களில் குறைகளை எண்ணும்போது தம்மை மட்டும் விட்டு எண்ணுவோரை அவர் கண்டிருக்கிறார். தாமும் அவ்வாறு எண்ணியிருக்கக்கூடும். வழிப்போக்கனை அவர் இன்னும் கூர்ந்து நோக்குவார். இழந்திராத ஒருவனை மீட்டுத் தருவதாகக் காசு வாங்கும் அவன், சிறுவன் கண்ணுக்கு உதவி செய்தவன். உலகம் அறிந்தவர் கண்ணுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் ஆள். முனிவர் இருவர்க்கும் இருவேறு சொல் எழுதவில்லை. மேலும், இக்கதை குருவின் சாவில் சென்று முடிகிறது. ஒரு குறிச்சொல்லை நம்பி அஞ்சி வாழ்ந்தவரின் முடிவு அது. அந்த இடத்திலும் சிறுவர் சிரித்துக்கொண்டே போகலாம், முதியவரால் இயலாது.

இளமை நினைவால் வரும் இன்பத்தை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. 1947இல் தொடங்கி, இன்று நின்றுபோன அம்புலிமாமாவின் பழைய இதழ் ஒன்றைக் கண்டால் கண் கலங்குவோர் உளர். சங்கர் வரைந்த விக்கிரமனையும் வேதாளத்தையும் பார்த்ததும் அவர்க்குத் தோன்றுவன பழைய லயத்து வீடும், மண்ணெண்ணெய் விளக்கும், மறைந்துபோன தமக்கையுமே. இதில் தவறில்லை, ஆனால் இது கதையின் சிறப்புக்குச் சான்றாகாது. மட்டமான நூலும் இந்நினைவை எழுப்பும். அதே வேதாளக் கதையை மீண்டும் படித்து, விக்கிரமன் சொன்ன தீர்ப்புச் சரிதானா என அவர் வழக்காடத் தொடங்கினால், அது கதையின் ஆற்றல்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், சிறுவர் மட்டுமே சுவைக்கும் சிறுவர் கதை நல்ல கதையன்று என 1952இல் ஓர் உரையில் விதி வகுத்தார். பெரும்பாலும் கொள்ளத்தக்க விதியே. ஆயின் அதனைத் திருப்பிப் போட்டு, பெரியவர் சுவைப்பதெல்லாம் சிறுவர்க்கும் நன்று எனக் கொள்வது பிழை. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரி 1943இல் வெளியிட்ட குட்டி இளவரசன் தமிழிலும் வந்துள்ளது. ஆசிரியர் அதனைப் பெரியவர் ஒருவர்க்குக் காணிக்கையாக்கி, அதற்காகச் சிறுவரிடம் பொறுத்தருளவும் வேண்டுகிறார். விண்மீன்களை எண்ணி எண்ணித் தம் உடைமையாக்கும் வணிகரைக் கண்டு பிள்ளைகள் நகைப்பர். ஆனால் நூல் முழுதும் ஓடும் ஏக்கம் குழந்தைமையை இழந்தவரின் ஏக்கம். அதனை இன்னும் இழக்காத பிள்ளைக்கு அஃது எவ்வாறு விளங்கும்? இவ்வகையில் வீரமாமுனிவர் கதையே மேலானது.

இவ்வாராய்ச்சி இந்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்கு வேண்டாத ஒன்றன்று. நூலகத்திற்கு நூல் வாங்கும் ஆசிரியர் பலர் அட்டையையும் விலையையும் பார்ப்பர். கதை முடிவில் நீதி கட்டமிட்டு அச்சாகியிருந்தால் நிறைவடைவர். அந்நூலைத் தாம் ஒருமுறையேனும் விரும்பிப் படிக்க இயலுமா என எண்ணிப் பார்ப்பதில்லை. தமக்குச் சலிப்பூட்டும் நூலைப் பிள்ளையிடம் நீட்டுவது, தாம் குடிக்க மாட்டாத கஷாயத்தை அதன் வாயில் ஊற்றுவது போன்றது. பிள்ளையும் கடனுக்குப் படித்து, வாசிப்புக் குறிப்பேட்டில் தலைப்பை எழுதி, நூலை மூடிவிடும். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளி சென்றபின் தமிழ் நூலைத் தொடாத மாணவரைப் பற்றி நாம் வருந்துகிறோம். அவர் கைக்கு முதலில் எந்நூலைக் கொடுத்தோம் என்பதை மட்டும் கேட்டுப் பார்ப்பதில்லை.

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டா. புத்தகக் கடையில் நின்றபடியே ஒரு கதையைத் தமக்காகப் படித்துப் பார்க்கலாம். அடுத்த பக்கம் திருப்ப ஆவல் எழாவிடில், அதனை அங்கேயே வைத்துவிடலாம். பரமார்த்த குரு கதையாயின், குரு இறக்கும் கடைசிப் பகுதி விடுபட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே புரட்டிப் பார்த்துக்கொள்வது நன்று.