நாற்பதோடு நிற்கும் வரைபடம்

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தின் வாட்சாப் குழுவில் ஒரு நண்பர் செய்தி ஒன்றைப் பகிர்ந்தார். 2025 இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயதுக்காரர் வரை ஏறக்குறைய 4,000 பேரின் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். மூளையின் இணைப்புகள் அமையும் விதம் சராசரியாக 9, 32, 66, 83 ஆகிய வயதுகளை ஒட்டித் திரும்புகிறது என்கிறார்கள். அதற்குக் கீழே நண்பர் எழுதியிருந்தார்: "பேரிளம்பெண் பருவம் தொடங்குவது 32. கேம்பிரிட்ஜ்காரன் இன்னைக்குச் சொன்னதைத் தமிழன் அன்னைக்கே சொல்லிட்டான்!" கைதட்டும் எமோஜிகள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

போட்ட பிறகுதான் உறுத்தியது. நான் பொறியியல் படித்தவன். இரண்டு வரைபடங்களில் ஒரு புள்ளி ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றாகிவிடாது என்பது முதலாண்டுப் பாடம். பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. இந்த ஏழு பருவங்களில் ஒரே ஒரு எண்தான் கேம்பிரிட்ஜ் கணக்கோடு பொருந்துகிறது. மற்றதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. ஆனால் என்னை உறுத்தியது எண்கள் இல்லை. இந்தக் கணக்கை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பதுதான்.

ஏழு பருவங்கள் பாடப்படும் இடம் உலா. அரசன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்க்கிறார்கள், காதல் கொள்கிறார்கள். ஒட்டக்கூத்தரின் மூவருலா இதற்குப் பேர்போன உதாரணம். பேதைக்குக் காதல் இன்னதென்று தெரியாது. புலவரும் அதை அழகாகவே காட்டுகிறார். ஆனாலும் அவளும் அந்த வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஆக, இது வளர்ச்சியின் அட்டவணை இல்லை. பவனி வருகிற ஆணின் பெருமையை அளக்கப் பெண் உடம்பில் கோடு கிழித்த அளவுகோல். அதனால்தான் அது நாற்பதோடு நின்றுவிடுகிறது. நாற்பத்தொன்றில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது? வீட்டுக்குள் போய்விடுகிறாள் போல. ஆணுக்கும் பாட்டியல் மரபில் ஒரு கணக்கு உண்டு. பாலன், மீளி என்று தொடங்கி, முப்பது வரை விடலை, அதற்கு மேல் முதுமகன். எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

இதே ஒட்டக்கூத்தர்தான் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழும் பாடினார். நமக்குக் கிடைத்த பிள்ளைத்தமிழ் நூல்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது அது. ஒரே புலவர், ஒரே அரசவை. ஆனால் பார்வை முற்றிலும் வேறு. உலாவில் உடம்பு தூரத்திலிருந்து பார்க்கப்படுகிறது. பிள்ளைத்தமிழில் புலவர் தரையில், குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறார். செங்கீரைப் பருவத்தைப் பாருங்கள். குழந்தை இரண்டு கைகளையும் ஒரு முழங்காலையும் ஊன்றி, மற்றக் காலை நீட்டி, தலையை நிமிர்த்தி அசைகிறது. காற்றில் ஆடும் கீரைத்தண்டு மாதிரி. கழுத்தும் முதுகும் உறுதிப்பட்டு, தவழ்வதற்குச் சற்று முன் வரும் அந்த அசைவைக் குழந்தையோடு நாள்கணக்கில் இருந்தவர்தான் இப்படிப் பிடிக்க முடியும். அடுத்துச் சப்பாணியில் இரண்டு கைகளும் சேர்கின்றன. வாரானையில் கால் நடக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கணும். பெரும்பாலான பருவங்கள் ஒரு வேண்டுகோளாக இருக்கின்றன. கை கொட்டு, முத்தம் கொடு, வா. குழந்தை தனியாக வளர்வதில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், அது பதில் சொல்கிறது. இதில் உச்சம் என்று நான் நினைப்பது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைச் சாம, பேத, தான, தண்டம் என நான்கு வழியிலும் கூப்பிடுவார்கள். கெஞ்சல், மிரட்டல், லஞ்சம் எல்லாம் உண்டு. ஏறக்குறைய ஒரு வயதில் குழந்தை விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குகிறது. அது வெறும் விரல் அசைவில்லை. 'நான் பார்ப்பதை நீயும் பார்' என்ற அழைப்பு. இப்படி இருவர் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிப்பதிலிருந்துதான் சொல் பிறக்கிறது என்கிறார்கள் உளவியலாளர்கள். கைக்கு எட்டாத நிலாவைவிட இதற்குப் பொருத்தமான பொருள் எது?

இதற்காக, பிள்ளைத்தமிழ் அறிவியல் நூல் என்று கிளம்பிவிடக் கூடாது. அதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பாடுவது என்று இலக்கணம் ஒரு காலண்டர் போட்டது. பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. பின்னால் வந்த பலர் அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள், குழந்தையைப் பார்க்கவில்லை. தெய்வத்துக்கும் அரசனுக்கும் எல்லாம் சரியான மாதத்தில் வந்துவிடும். தாமதமாகிற குழந்தைக்கு அங்கே பாட்டே இல்லை.

என் அக்கா மகள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. வீட்டில் ஒரே கலவரம். 'யார் கண்ணோ பட்டுடுச்சு' என்றார் பெரியம்மா. மிஸ்ஸிதான் பொறுமையாக விளக்கினார். பிறகு நானே தேடிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, துணையில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலும் வரலாம், 17.6 மாதத்திலும் வரலாம். நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வதே இல்லை. எங்கள் துறையில் இதை டாலரன்ஸ் என்போம். ஒரு புள்ளி இல்லை, ஓர் இடைவெளி. அவள் பதினைந்தாவது மாதம் எழுந்து நடந்தாள். நம் மரபுக் கணக்கிலும் வாட்சாப் கணக்கிலும் இந்த இடைவெளிதான் காணாமல்போகிறது. கேம்பிரிட்ஜின் 32 கூட ஒரு சராசரிதான். யாருக்கும் பிறந்தநாள் கேக்கோடு மூளை மாறுவதில்லை.

இருபத்தொரு மாதத்தில் பிள்ளைத்தமிழ் முடிகிறது. உலா நாற்பதில் முடிகிறது. அதற்கப்பால்? புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் இருக்கிறார். தண்டூன்றி, இருமலுக்கு நடுவே, மடுவில் குதித்து மணல் அள்ளிய இளமையை நினைக்கும் கிழவர். அற்புதமான பாட்டு. ஆனால் அதுவும் போனதன் கணக்குதான். பட்டினத்தாரிடம் வந்தால் உடம்பே ஒரு எச்சரிக்கைப் பலகை. நம் சமகாலச் சிறுகதைகளில் தாத்தா, பாட்டி என்றால் பழைய தோட்ட நினைவுகளைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறவர்கள். நானும் அப்படி ஒரு கதை எழுதியிருக்கிறேன்.

மூளை அப்படி ஒரே சரிவாக இறங்குவதில்லை. வளர்ச்சியிலேயே இழப்பு இருக்கிறது. 1979-இல் பீட்டர் ஹட்டன்லாக்கர், இறந்தவர்களின் மூளைத் திசுவில் நரம்பிணைப்புகளை எண்ணிப் பார்த்தார். முன்மூளையில் அவை மிக அடர்த்தியாக இருந்தது ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளிடம். பெரியவர்களிடம் குறைவு. தேவையற்ற இணைப்புகளைக் கழித்துத்தான் மூளை பக்குவப்படுகிறது. முதுமையில் நேர்மாறு. வேகம் முன்னதாகவே குறைந்தாலும், சியாட்டிலில் 1956-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு காட்டியபடி, சொல்வளம் அறுபதுகள் வரைகூடப் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே 'முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம்' என்று நாம் சுலபமாகச் சொல்வது மோசமான உவமை. ஒன்றில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மற்றதில் வாழ்ந்த வீடு.

இந்த உவமையின் விலை எனக்குத் தெரியும். பாட்டிக்கு மறதி நோய். அத்தை அன்பாகத்தான், 'பாப்பா, ஆ காட்டு' என்று சோறு ஊட்டினார். பாட்டி தட்டைத் தள்ளிவிட்டார். 'நான் பாப்பாவா?' என்று கேட்டார். அன்று அவர் தெளிவாகப் பேசிய ஒரே வாக்கியம் அது. இன்னொரு நாள் நான், 'பாட்டி, மரம் எப்படிச் சீவுவீங்க?' என்றேன். என் பெயர் நினைவில் இல்லாதவரின் மணிக்கட்டு சாய்ந்து, இல்லாத கத்தியைப் பட்டையில் இழுத்தது. கோணம்கூடத் தவறவில்லை. அண்மை நினைவு முதலில் போகும், கை பழகியது நெடுநாள் தங்கும் என்று படித்திருக்கிறேன். அந்தக் கையைப் பார்க்கும்போது அதைக் குழந்தையின் கை என்று சொல்ல மாட்டீர்கள்.

பிள்ளைத்தமிழிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மாதக்கணக்கை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற அந்தப் பார்வையை. அறுபத்தாறுக்கு அப்பாலும், எண்பத்து மூன்றுக்கு அப்பாலும் அதே நெருக்கத்தோடு பார்த்து எழுதப்பட்ட பக்கங்கள் நம்மிடம் மிகக் குறைவு. எழுதுகிற நம்மில் பலர் இன்னும் முப்பதைத் தொடவில்லை என்பது இதற்குச் சாக்காகாது. ஒட்டக்கூத்தரும் அந்தப் பாட்டைத் தவழ்ந்துகொண்டு எழுதவில்லை.

நண்பருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அடுத்த சந்திப்பில் மூவருலாவையும் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம் என்று கேட்கப்போகிறேன். கைதட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.