சுற்றுலா வழிகாட்டி சொல்லும் வரலாறு

சுற்றுலா வழிகாட்டியின் உரையை இலக்கிய விமர்சகர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் நம் நாட்டின் கடந்த காலத்தைப் பெருந்தொகையான மக்களுக்கு இன்று எடுத்துரைக்கும் வாய்மொழி வடிவங்களுள் அது முதன்மையானது. பாடநூலைப் பரீட்சை முடிந்த அன்றே மாணவன் மூடிவிடுகிறான். ஆய்வேடு நூலகத் தட்டில் உறங்குகிறது. வழிகாட்டியின் உரையோ நாள்தோறும் புதிய காதுகளில் விழுந்து, நிழற்படங்களுடன் ஊர்தோறும் சென்று சேர்கிறது. ஆதலால் சிறுகதையையும் கவிதையையும் எந்த நிறைகோலில் இடுகிறோமோ, அதே நிறைகோலில் இவ்வுரையையும் இட்டுப் பார்ப்பது தகும்.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது, கிழக்குக் கரையில் போர்த்துக்கேயர் காலத் தடங்களைக் காட்டும் ஒருநாள் சுற்றுலா. யுத்தம் 2009இல் முடிவுற்றபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. உல்லாசப் பயணிகள் அங்கிருந்து காலையில் புறப்பட்டுப் புளியந்தீவின் கோட்டையையும் வாவியையும் பழைய தேவாலயங்களையும் கண்டு மாலையில் திரும்புகின்றனர். நேரமும் பணமும் உள்ளோர் திருகோணமலைக்கும் செல்வர். பாடசாலை மாணவர்களும் இதே தடத்தில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். மாணவருடனும் தனித்தும் இவ்வழி சென்று, இவ்வுரையின் பல வடிவங்களை நாம் கேட்டிருக்கிறோம். சொல்பவர் மாறினாலும் சொல் மாறுவதில்லை. இதனாலேயே இதனை ஒரு தனிமனிதரின் பேச்சாகக் கொள்ளாது, நிலைபெற்றுவிட்ட ஒரு பனுவலாகக் கொள்கிறோம்.

முதலில் அதன் இலக்கணத்தை நோக்குவோம். போர்த்துக்கேயர் வந்தனர், கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் வந்தனர், பிடித்தனர். ஆங்கிலேயர் வந்தனர், பெற்றுக்கொண்டனர். வாக்கியந்தோறும் எழுவாய் ஐரோப்பியனே. செயப்படுபொருள் நமது நிலம். இம்மண்ணின் மக்கள் வாரார்களா எனின், ஓரிடத்தில் வருகின்றனர்: “உள்ளூர் மக்களைக் கொண்டு கட்டப்பட்டது.” மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பல பொருள் உண்டென வகுப்பில் கற்பிக்கிறோம். வாளால் வெட்டினான் என்பதில் வாள் எவ்வாறோ, கோட்டை கட்டப்பட்டது என்பதில் மக்கள் அவ்வாறு. கல் சுமந்தவன் கருத்தா ஆகாமல் கருவியாகவே நின்றுவிடுகிறான். இது வழிகாட்டி கண்டுபிடித்த இலக்கணமன்று. லிஸ்பன் நகரின் ஆற்றங்கரையில் 1960இல் நிலையாக எழுப்பப்பட்ட ‘கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்’ இதே இலக்கணத்தைக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கெனச் சலசாரின் சர்வாதிகார ஆட்சி தற்காலிகமாக அமைத்த வடிவமே பின்னர் கல்லானது. அதிலுள்ள முப்பத்து மூன்று உருவங்களும் இளவரசர், கடலோடி, துறவி, கவிஞர் எனப் பேர்பெற்றோரின் அணிவகுப்பு. கப்பலுக்கு மரம் அறுத்தவனுக்கும் அடிமையாக ஏற்றப்பட்டவனுக்கும் அவ்வணியில் இடமில்லை.

இனி உரையின் உள்ளடக்கம். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர் என்பது சரியே. இரு புறம் வாவியும் இரு புறம் அகழியும் காவலாக, நான்கு கொத்தளங்களுடன் அது அமைந்திருப்பதையும் நன்றாகவே காட்டுகின்றனர். ஆனால் இங்கே ஏன் கட்டினர் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. 1602இல் ஸ்பில்பேர்கன் எனும் ஒல்லாந்தக் கடலோடி மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். 1620இல் தேனியரின் கப்பல்கள் திருகோணமலைப் பக்கம் வந்தன. கிழக்குக் கரையே மலைநாட்டு அரசுக்கு உலகை நோக்கித் திறந்திருந்த வாயில். அந்த வாயிலை அடைக்கவே கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி 1624இல் திருகோணமலையிலும் நான்காண்டுகளின் பின் மட்டக்களப்பிலும் கோட்டை அமைத்தான். வாவியின் அழகை ரசிக்கும் பயணி, தான் நிற்பது ஒரு பூட்டின் மீது என்பதை அறியாமலே திரும்பிவிடுகிறான்.

கோட்டை போர்த்துக்கேயர் கையில் இருந்தது பத்தாண்டுகளே. 1638 மே மாதத்தில் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தரும் இரண்டாம் இராஜசிங்கனின் படைகளும் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஒல்லாந்தரால் திருத்திக் கட்டப்பட்டு, இன்று அது ஒல்லாந்தர் கோட்டை என்றே அறியப்படுகிறது. கோட்டை வீழ்ந்த அதே மாதத்தில் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் மட்டக்களப்பில் ஓர் ஒப்பந்தம் நிறைவேறிற்று. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது பற்றியது அதன் மூன்றாம் பிரிவு. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேயமொழிப் படியில், அவன் விரும்பினால் மட்டுமே அவ்வாறு செய்யலாம் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த படியில் அந்நிபந்தனை இல்லை. ஒரு சிறு தொடரின் பொருட்டு இரு தரப்பாருக்கும் நெடும்பகை மூண்டது. இதைவிடச் சுவையான கதை அக்கோட்டையில் உண்டா? இதனை எந்த உரையிலும் நாம் கேட்டதில்லை. ஐரோப்பியர் கட்டினர், பிடித்தனர் என்ற வாய்பாட்டில் ஐரோப்பியர் ஏமாற்றினர் என்பதற்கு இடமில்லை போலும்! இதில் இன்னொரு செய்தியும் உண்டு. போர்த்துக்கேயரைத் துரத்துவதற்காகச் செய்த உடன்படிக்கையைக்கூடப் போர்த்துக்கேய மொழியில் எழுத வேண்டியிருந்தது. ஆட்சி போனபின்னும் அம்மொழி இக்கரையில் நின்று நிலைத்தது. இதற்கு மீண்டும் வருவோம்.

சொல்லாமல் விடப்படும் வேறொன்றும் உண்டு. தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுட் பெருந்தொகையினருக்குக் கிழக்குக் கரையில் இடமளித்துக் குடியேற்றினான் கண்டி மன்னன் செனரத். அகதிகளை ஏற்றுக்கொண்ட கரை இது. திருகோணமலைக் கோணேசர் கோயில் தகர்க்கப்பட்டதும் அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றதும் தவறாமல் சொல்லப்படுகின்றன, சொல்லப்படவும் வேண்டும். ஆனால் இடிந்த கோயிலை மட்டும் சொல்லி, துரத்தப்பட்ட முஸ்லிமை விட்டுவிடும்போது, ஓர் ஏகாதிபத்தியத்தின் கொடுமை ஒரு சமயத்தாரின் தனித்துயராகச் சுருங்குகிறது. 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் இரத்தம் சிந்திய இவ்வாவிக் கரையில், இரு சாராரையும் ஒரே கை அடித்த வரலாற்றை மாணவர் அறியாதிருப்பது சிறிய குறையன்று.

இப்போது மொழிக்கு வருவோம். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற பெருஞ்சின்னம் எதுவென்று வழிகாட்டியைக் கேட்டால் கோட்டையைக் காட்டுவார். உண்மையில் அது சுற்றுலா வண்டி நிறுத்தாத இடத்தில், நம் வீட்டினுள்ளே இருக்கிறது. கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, தாச்சி, கோப்பை, பாண், பீப்பா, அலவாங்கு, சப்பாத்து, துவாய், லேஞ்சி, ரேந்தை, பொத்தான், இஸ்திரி. ஒவ்வொன்றும் போர்த்துக்கேயச் சொல். கதிரையில் அமர்ந்து பாண் தின்னும் மட்டக்களப்பான் எவனும் இவற்றை அந்நியமாக உணர்வதில்லை. தல்காதோ எனும் கோவாவின் மொழியறிஞர் ஆசிய மொழிகளிற் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைத் தொகுத்து 1913இலேயே நூலாக்கினார்.

இச்சொற்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தச்சனின் பட்டறை, கொல்லனின் உலை, தையற்காரனின் பலகை, சமையற்காரனின் அடுப்பு: பெரும்பாலானவை இந்நான்கு இடங்களில் பிறந்தவை. தளபதியின் கட்டளையிலிருந்து நம் பேச்சில் புகுந்தது மிகக் குறைவு. பாதிரியும் ஏலமும் வேறு வழியில் வந்தவை. யாழ்ப்பாணத்தில் நிலத்தையும் வரியையும் பதிந்த தோம்பும் அவ்வாறே. அச்சொல்லில் இறைசுங்கத்தின் கசப்பு இன்னும் இருக்கிறது. ஏனையவை, உழைப்பாளி உழைப்பாளியிடமிருந்து கருவியைக் கைமாற்றிக்கொண்டபோது கருவியோடு கூட வந்த பெயர்கள். வாளும் சிலுவையும் மேலே மோதிக்கொண்டிருக்க, கீழே பட்டறையில் வேறொரு கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. கோட்டைச் சுவரில் வாசிக்க முடியாத இந்தச் சமூக வரலாற்றைச் சொல்லகராதியில் வாசிக்கலாம். நம்மிடையே தூய தமிழ் விரும்பும் அன்பர்கள் மாணவர் கட்டுரையில் யன்னலைக் கண்டால் சிவப்பு மையால் அடித்துச் சாளரம் என்று திருத்துகின்றனர். சாளரம் நல்ல சொல்லே. ஆனால் யன்னலை அடித்தெறியும்போது அதனைச் செய்த தச்சனும் சேர்ந்தே அழிகிறான் என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை.

அந்தத் தச்சனின் வழித்தோன்றல்கள் இன்றும் நம்முடன் வாழ்கின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் எனப்படும் கத்தோலிக்க மக்கள், போர்த்துக்கேய ஆண்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். தச்சு, இரும்பு வேலை, தையல், சப்பாத்துத் தொழில், பின்னாளில் இயந்திரத் தொழில் என்பனவே அவர்களது பிழைப்பு. மற்றோர் அவர்களை இளக்காரமாக நோக்கியதற்கும் அத்தொழில்களே காரணம். கை வேலை செய்பவனைத் தாழ்த்தும் நமது சாதிப் புத்தி பறங்கியையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசிவந்த போர்த்துக்கேயம் மொழியறிஞரை வியக்க வைத்த ஒன்று. தல்காதோ 1900இல் இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1970களில் இயன் ஸ்மித் மட்டக்களப்புப் பேச்சினை நுணுகி ஆராய்ந்தார். கென்னத் டேவிட் ஜாக்சன் அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து 1990இல் நூலாக வெளியிட்டார்.

அம்மொழியின் அமைப்பைத் தமிழாசிரியர்கள் அறிதல் வேண்டும். சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியத்தின் எலும்புக்கூடோ தமிழ். வினை நம் மொழியிற்போல வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் ‘பாரா’ என்ற இடைச்சொல், ‘ப’ எனத் தேய்ந்து பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு, நமது ‘கு’ உருபின் தொழிலைச் செய்கிறது. ‘ஐ’ உருபின் தொழிலும் அதற்கே. லிஸ்பனிலிருந்து வரும் ஒருவர் சொற்களை இனங்கண்டாலும் அவற்றின் ஒழுங்கைக் கண்டு திகைப்பார். நாம் அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதிருந்தாலும் அவ்வொழுங்கு நமக்குப் பழகியது. வென்றவனின் மொழியைத் தாய்மார் தமது இலக்கணத்தில் வார்த்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கின்றனர். வழிகாட்டியின் உரையில் எழுவாயாக ஒருமுறையும் வராத அப்பெண்கள், ஒரு மொழி முழுவதற்கும் கருத்தாவாக நிற்பதை இங்கே காண்கிறோம்.

இம்மொழி இன்று அருகி வருகிறது. இளையோர் வீட்டிலும் தமிழே பேசுகின்றனர். அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பலர் பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, பறங்கியர் திரளாக வாழ்ந்த டச்பார்க் கரையை அடித்துச் சென்றது. உயிரிழந்தோர் பலர், மிஞ்சியோர் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒரு சிறுபான்மையின் மொழிக்குச் சேர்ந்து வாழும் குடியிருப்பே கோட்டை. அக்கோட்டை இடிந்ததற்குச் சுற்றுலாத் தடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் நாம் காணவில்லை. புத்தளம் பகுதியில் போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த மாஞ்சாப் பாடல்களைப் பாடிவரும் ஆப்பிரிக்க வழியினரையும் சுற்றுலா உலகம் ஆட்டத்திற்காகவே தேடிச் செல்கிறது. அவர்கள் முன்னோர் எவ்வாறு கப்பலேற்றப்பட்டனர் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பயிலாவும் கபிரிஞ்ஞாவும் விடுதி மேடையில் விலைபோகின்றன; அவற்றைப் பெற்ற மக்கள் ‘பண்பாட்டு நிகழ்ச்சி’ ஆகிவிடுகின்றனர்.

இவ்வளவும் சொன்னபின் வழிகாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எமது நோக்கமன்று. அவரும் கூலி உழைப்பாளியே. பயணியின் மனம் குளிர்ந்தாலன்றி அவர் கை நிறைவதில்லை; நிலையான ஊதியமற்றோர் பலர். ஒப்பந்தப் படிகளின் வேறுபாட்டை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆங்கிலத்திலும் போர்த்துக்கேயத்திலும் கிடக்கும் ஆய்வுகளை எளிய தமிழில் தரும் ஒரு கைந்நூல்கூட அவர் பையில் இல்லை. அதனை ஆக்கித் தருவது வரலாறும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியர்களின் கைக்கெட்டிய வேலை. மாணவர் சுற்றுலாவின் தடத்தையாவது நாம் மாற்றலாம். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். அடுத்து ஒரு தச்சுப் பட்டறைக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கருவிகளின் பெயர்களை மாணவர் குறிப்பேட்டில் எழுதட்டும். பிற்பகலில் வீட்டு மொழி மறவாத முதிய பறங்கியர் ஒருவர் இசைந்தால், அவர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, ‘எனக்குப் பாண் தா’ என்பதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்கட்டும். பாணின் பெயர் எம்மொழி, ‘எனக்கு’ என்பதன் உருபு நிற்கும் ஒழுங்கு எம்மொழி என்பதை மாணவரே பிரித்துச் சொல்லிவிடுவர்.