வாசகருக்குத் தெரியாமல் பழுது பார்க்கலாம்

வேர்ட்பிரஸ் தளத்தில் ஏதாவது கோளாறு என்றால், எல்லா பிளகின்களையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள் என்பார்கள். முறை சரிதான். ஆனால் அந்த நேரத்தில் தளத்துக்கு வருபவருக்கு ஆர்டர் படிவம் இருக்காது, பக்கத்தின் வடிவமே குலைந்து கிடக்கும். அப்படி யாரையும் அலைக்கழிக்காமல் அதே சோதனையைச் செய்ய வழி தருகிறது ‘ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்’ என்ற இலவச பிளகின். இதன் ஒரு பகுதி 2019-ல் வெளிவந்த 5.2 பதிப்பிலேயே ‘சைட் ஹெல்த்’ என்று வேர்ட்பிரஸுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் இதன் உயிர்நாடியான டிரபிள்ஷூட்டிங் மோடு வேண்டுமென்றால் பிளகினைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

அந்த மோடை இயக்கியதும் பிளகின்கள் அனைத்தும் உங்களுக்கு மட்டும் அணைகின்றன. வேர்ட்பிரஸின் இயல்பு தீம் ஒன்று நிறுவப்பட்டிருந்தால் தோற்றமும் அதற்கு மாறிவிடும். உங்கள் பிரவுசரில் வைக்கப்படும் குக்கியை வைத்து இது நடப்பதால், மற்றவர்கள் வழக்கமான தளத்தையே பார்ப்பார்கள். பிளகின்கள் உண்மையில் அணைக்கப்படுவதில்லை. ஆகவே, அணைத்தால் அமைப்புகளை அழித்துவிடும் பிளகின்களைப் பற்றியும் பயப்பட வேண்டாம்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தளத்தில் தொடர்புப் படிவத்தின் ‘அனுப்பு’ பொத்தான் சுழன்றுகொண்டே நின்றது. படிவ பிளகின் மீதுதான் எல்லாருக்கும் சந்தேகம். இந்த மோடில் அதை மட்டும் இயக்கிப் பார்த்தேன், மெயில் போய்விட்டது. பிறகு மேல்பட்டையில் உள்ள பட்டியலிலிருந்து மற்றவற்றை ஒவ்வொன்றாக இயக்கிக்கொண்டே வந்தபோது, வேகத்தைக் கூட்டும் பிளகினில் படிவம் நின்றது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தாமதமாக ஏற்றும் அதன் வசதிதான் காரணம். படிவத்துக்குரிய கோப்பை விலக்குப் பட்டியலில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. நல்லவேளையாக, அந்த வசதி உள்நுழைந்தவர்களுக்கும் செயல்படும்படி அமைந்திருந்தது. வேக பிளகின்கள் பலவும் உள்நுழைந்தவரை விட்டுவிடும். அப்போது கோளாறு உங்கள் கண்ணில் படவே படாது.

வேறு குறைகளும் உண்டு. கேஷ் பிளகின்கள் ‘டபிள்யூபி-கன்டென்ட்’ ஃபோல்டரில் நேரடியாக வைக்கும் கோப்புகளை இந்த மோடு தொடுவதில்லை. டேட்டாபேஸும் ஒன்றுதான்: சோதனை நடக்கும்போது ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தால் எல்லாருக்கும் மாறிவிடும். எனவே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழையவே முடியாமல் வெள்ளைத் திரை வந்துவிட்டால் இந்தக் கருவி உதவாது. அப்போது நிர்வாகியின் மின்னஞ்சலைப் பாருங்கள். பழுதான பிளகினின் பெயரையும் ‘ரிக்கவரி மோடு’ இணைப்பையும் வேர்ட்பிரஸே அனுப்பியிருக்கக்கூடும். அதுவும் வரவில்லையா? ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள். பிளகின் நின்று, தளம் திறக்கும். எந்த பிளகின் என்றே தெரியாதபோது, பிழைகளைப் பதிந்துவைக்கும் டீபக் லாகை இயக்கினால், பிழை வரியில் வரும் ஃபோல்டர் பெயரே காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் அந்த லாகை அழித்துவிடுங்கள். பல சர்வர்களில் அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்க முடியும். பிஎச்பி 7-லிருந்து 8-க்கு மாறிய பிறகு பழைய பிளகின்கள் இப்படி விழுவது சகஜம். பழைய ஃபங்ஷன்கள் சில 8-ல் அறவே நீக்கப்பட்டுவிட்டன.

2024-ல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பு, தானியங்கி அப்டேட் தளத்தை முடக்கினால் பிளகினை முந்தைய பதிப்புக்கே திருப்பிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் படிவத்தைப் போலத் தளம் விழாமல் ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் போகும் கோளாறுகளை அது கண்டுகொள்ளாது. அவற்றைத் தேட ஹெல்த் செக்தான் வேண்டும். வாடிக்கையாளர் வந்துபோகும் தளத்தை நடத்துபவர்கள், பேக்கப் எடுத்துக்கொண்டு, தயங்காமல் இதை நிறுவலாம்.