நங்கூரத்தின் குறுக்குக் கட்டை

வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி', 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாறி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் பிடித்தது. வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன். கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு போன வல்வை மாலுமிகளும். இரட்டைப் பாய்மரம், 89 அடி நீளம். அடிக்குக் கால் அங்குலம் என்று மாதிரி செய்தால் 22 அங்குலத்துக்குச் சற்றே கூட வரும். அப்படிப்பட்ட மாதிரிகளில் எல்லாரும் பாயையும் கயிற்றையும் பார்ப்பார்கள். எனக்கு அணியத்தில் தொங்கும் நங்கூரம்தான் முக்கியம். எட்டடித் தண்டு அங்கே இரண்டே அங்குலம். செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று அதில் தெரிந்துவிடும்.

பாடசாலைச் சின்னம், சட்டைப் பொத்தான், எதில் பார்த்தாலும் நங்கூரத்தின் குறுக்குக் கட்டையும் கீழே வளைந்த கைகளும் ஒரே தளத்தில் படுத்திருக்கும். அந்த நங்கூரம் எந்த மணலையும் பற்றாது! பழைய நங்கூரத்தில் கட்டை ஒரு திசை, கைகள் அதற்குச் செங்குத்தான மறு திசை. கயிறு இழுக்கும்போது நீண்ட கட்டை தரையில் படுத்துக்கொள்ளும். உடனே ஒரு கை கீழ்நோக்கித் திரும்பி, நகம் மண்ணில் இறங்கும். கப்பல் நேர் மேலே வந்து தூக்கினால் அதே நகம் விட்டுக்கொடுக்கும். காகிதத்தில் வராத இந்தத் திருப்பத்தை மாதிரி கையிலே தருகிறது.

ஐரோப்பியக் கப்பல்களின் பெரிய நங்கூரங்களில் அந்தக் கட்டை மரம். இரண்டு பாதிகளைத் தண்டின் இருபுறமும் வைத்து இரும்புப் பட்டைகளால் இறுக்குவார்கள். பாதிகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விடுவதும் உண்டு: மரம் காய்ந்து சுருங்கினால் பட்டையை இன்னும் உள்ளே அடித்து ஏற்றலாம். இந்த இடைவெளியை மறக்காத மாதிரிக்காரரை நான் கும்பிடுவேன்.

மரத் தெரிவும் சோதனைதான். அளவு குறைந்தாலும் மரத்தின் ரேகை குறைவதில்லை. பனஞ்சிராயில் செய்தால் அதன் கருங்கோடு ஒவ்வொன்றும் 48 மடங்கு பெருத்துத் தெரியும். இழை நெருங்கிய பூவரசு பரவாயில்லை. வளையத்தைச் சுற்றிய தாரிட்ட கயிற்றுக்குத் தையல் நூல் போதும். பிசிறை மெழுகால் அடக்கவேண்டும். இரும்புக்குப் பளபளக்கும் கறுப்பு மை பூசியவரோடு எனக்குப் பேச்சில்லை.

மணற்காட்டு மணலைத் தாம்பாளத்தில் பரப்பி, பித்தளையில் வார்த்த மாதிரியை நூலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். அளவு சரியென்றால் புரண்டு நகத்தை ஊன்றும். கட்டை குட்டையென்றால் பக்கவாட்டில் படுத்தபடியே இழுபடும். அதைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.